காணிக்கு அவன் ஒப்பம், கடனுக்கு அவள் ஒப்பம்

யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணொருத்தி, தாய் தந்தையர் தனக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த காணியை விற்கவோ ஈடு வைக்கவோ விரும்பினால், கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறவேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அந்தப் பெண்ணின் பேத்தியோ பூட்டியோ, போர் முடிந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடக்குக்கு வந்து சேர்ந்த நிதி நிறுவனங்களிடம் கடன் பெற்றபோது, சட்டம் எவருடைய சம்மதத்தையும் கேட்கவில்லை. சில நிறுவனங்கள் கணவனிடமும் ஒரு கையொப்பத்தை வாங்கிக்கொண்டன என்பது உண்மை. ஆனாலும் கடன்காரி அவள்தான். தன் கடனுக்கு மட்டுமன்றிப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கடனுக்கும் அவளே பிணை நின்றாள். சொத்தைக் கையாளுவதற்கு ஆண் துணை தேவைப்பட்டவள், கடன்படுவதற்கு மாத்திரம் முழுத் தகுதி உடையவளாகக் கருதப்பட்டாள்.

பெண்கள் சங்கமாகச் சேர்ந்தால் வீட்டுக்குள் அவர்களது சொல்லுக்கு மதிப்பு உயரும் என்று கடந்த ஒரு நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அதை மறுப்பது எனது நோக்கமன்று. எத்தகைய சங்கம், எவருடைய பணம், எவருடைய பெயரில் உறுதி என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் அந்தக் கூற்றை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. இந்த மூன்று கேள்விகளோடும் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

உடைமையும் ஆளுகையும்

ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டில், தொகுத்து எழுதப்பட்ட தேசவழமை பெண்ணுக்குச் சொத்து இல்லை என்று சொல்லவில்லை. தாய்வழி வந்த சீதனம் மகளுக்கு உரியது. இல்லற வாழ்வில் கணவனும் மனைவியும் ஈட்டிய தேடிய தேட்டத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு. அந்நாளில் உலகின் பல நாடுகளில் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்தே இருக்கவில்லை என்பதை நினைத்தால் இது பெருமைப்படத்தக்க மரபே.

ஆனால் உடைமை வேறு, ஆளுகை வேறு. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேற்றுமையை எழுத்தில் நிறுத்தியது. நகை, பணம் போன்ற அசையும் சொத்துகளை மனைவி தன் விருப்பப்படி கையாளலாம். அசையாச் சொத்துகளைக் கையாளுவதற்குக் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கணவன் கைவிட்டுச் சென்றிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாதிருந்தாலோ, நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்று அதே சட்டம் ஒரு வழியையும் விட்டது. போருக்குப் பின்னர் எத்தனையோ பெண்களுக்கு அந்த வழிதான் எஞ்சியது. கணவன் காணாமற்போன ஒருத்தி தன் சொந்த வளவை ஈடு வைக்க நீதிமன்றப் படியேற வேண்டும். அதற்குச் சட்டத்தரணிக்குக் கட்டணம் கட்டவேண்டும். அந்தக் கட்டணத்துக்காகக் கடன்பட வேண்டும்.

கிழக்கின் நிலை வேறு. அங்கே தேசவழமை செல்லாது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் வீடு மகளுக்குச் செல்வதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நெடுநாள் வழக்கம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் அந்த வீடுகளைக் கொண்டுபோனது. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் ஆண்களுக்கே உறுதிகளும் பத்திரங்களும் எழுதப்பட்டன. தாய் தந்த வீட்டை அலையில் இழந்தவள், கணவனுக்குக் கிடைத்த வீட்டில் குடியேறினாள். ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல் நிருவாகப் படிவங்களில் இருந்த வழக்கமே தவிர, சொத்துரிமையைத் தீர்மானிக்கும் சட்ட வரையறை அன்று. ஆயினும் ஒரு படிவத்தின் ஒரு கூடு, பல தலைமுறை வழக்கத்தை மாற்றிவிட்டது.

சொத்து இல்லாவிட்டாலும் உழைப்பிருந்தால் சொல்லுக்கு மதிப்பு வரும் என்பார்கள். மலையகம் அதற்கு எதிர்ச்சான்று. பெருந்தோட்டத் தேயிலைத் தொழிலில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆனாலும் ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்கு 1984 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதற்குப் பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ வரிசையில் நின்று பெற்றுச் செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. உழைத்தவள் தன் உழைப்பின் ஊதியத்தைக் கண்ணாலும் காணாத நிலை அது. ஆகவே காணி இருந்தாலும் போதாது, கூலி கிடைத்தாலும் போதாது. பணம் அவள் கையில் தங்கவேண்டும். தங்கிய பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடமும் வேண்டும்.

ஒன்ராறியோவிலிருந்து வந்த விதை

அந்த இடத்தை இலங்கையில் கிராமிய மட்டத்தில் முதன்முதலில் பரவலாக உருவாக்கியவர்களுள் வைத்திய கலாநிதி மேரி இரட்ணம் முதன்மையானவர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873 இல் பிறந்தவர். மருத்துவம் பயின்று 1896 இல் இலங்கை வந்தார். எஸ்.சி.கே. இரட்ணம் என்ற தமிழரை மணந்தார். கொழும்பில் மருத்துவத் தொழில் புரிந்துகொண்டே, 1909 இல் தமிழ்ப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகவும், 1927 இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியிலும் நின்றார். டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களில் அவரும் அடங்குவர். 1931 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை வந்தது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1930 இல், அவர் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். அதற்கு முன்மாதிரி அவர் பிறந்த மாகாணத்திலேயே இருந்தது. 1897 பெப்ரவரியில் ஒன்ராறியோவின் ஸ்ரோனி கிறீக் என்ற இடத்தில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண்மணி விவசாயக் குடும்பப் பெண்களைக் கூட்டி ‘மாதர் நிலையம்’ என்ற அமைப்பை நிறுவினார். கைக்குழந்தையாக இருந்த தம் மகனைப் பறிகொடுத்தவர் அவர். அசுத்தமான பாலே அதற்குக் காரணம் என்று கருதி, வீட்டுச் சுகாதார அறிவைப் பெண்களிடம் கொண்டுசெல்வதைத் தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார். அந்த முதற்கூட்டத்துக்கு வந்தவர்கள் 101 பெண்களும் ஒரே ஓர் ஆணும். இன்று ஹமில்ரன் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட அந்த ஊரை ஒன்ராறியோவில் வாழும் எங்கள் தமிழர் பலர் நெடுஞ்சாலை வழியே கடந்து செல்கிறார்கள். இலங்கையின் கிராமத்து மாதர் சங்கத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கின்றது.

மகிளா சமித்திகள் சுகாதாரம், போசாக்கு, தையல், நெசவு, வீட்டுத்தோட்டம் ஆகியவற்றைக் கற்பித்தன. தலைமை பெரும்பாலும் படித்த மத்தியதர வகுப்பினர் கையில் இருந்தது. வீட்டில் எவர் தீர்மானிப்பது என்ற கேள்வியை அவை நேரடியாக எழுப்பவில்லை. குழந்தைக்கு என்ன ஊட்டுவது, கிணற்றை எப்படிப் பேணுவது என்ற கேள்விகளே எழுப்பப்பட்டன. ஆனால் வீட்டுக்காரியம் தவிர்ந்த ஒரு நோக்கத்துக்காக ஒரு கிராமத்துப் பெண் மாதமொருமுறை படலையைத் திறந்துகொண்டு வெளியே போவதற்கு அது ஒரு நியாயத்தைக் கொடுத்தது. ஒரு கணக்குப் புத்தகம், ஒரு கூட்ட அறிக்கைக் கொப்பி, தலைவி, செயலாளர், பொருளாளர் என்ற பதவிகள் – இவை சிறிய விடயங்கள் அல்ல. மேரி இரட்ணத்துக்கு 1958 இல் ரமொன் மக்சேசே விருது கிடைத்தது. 1962 இல் அவர் காலமானார்.

பின்னாளில் எங்கள் பகுதிகளில் வேரூன்றிய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதே வார்ப்பில் அமைந்தவையே. முன்பள்ளி நடத்துவதும் பனையோலைப் பின்னலும் தையல் வகுப்பும் அவற்றின் வேலைகள். செய்தியாசிரியர் மேசையில் இருந்த ஆண்டுகளில் இச்சங்கங்களின் பொதுக்கூட்டச் செய்திகள் எத்தனையோ என் கையால் திருத்தப்பட்டு அச்சுக்குப் போயிருக்கின்றன. அவற்றில் அரசாங்க அதிபர் வந்தார், மங்கள விளக்கேற்றினார், பாராளுமன்ற உறுப்பினர் உரையாற்றினார் என்பவை இருக்கும். சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு, அது எவருக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பவை இரா. உண்மையில் வரலாறு அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தது.

பிடியரிசியும் சீட்டும்

சங்கங்கள் வருவதற்கு முன்னரே எங்கள் பெண்களுக்குச் சேமிக்கத் தெரியும். உலைக்குப் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பது பழைய பழக்கம். வீட்டுச் செலவில் பெண் தன்னிச்சையாகத் தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது அந்த ஒரு பிடியே. அடுத்தது சீட்டு. பத்துப் பேர் அல்லது இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் கட்டி, முறைப்படி ஒவ்வொருவராக முழுத் தொகையையும் எடுக்கும் ஏற்பாடு. சிங்களப் பெண்களும் இதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். புலம்பெயர்ந்தவர்கள் பாரிசுக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சீட்டைக் கொண்டுபோனார்கள். சீட்டில் எழுத்து மூலமான உறுதி இல்லை, நம்பிக்கையே பிணை. ஏமாற்றங்களும் நடந்ததுண்டு. ஆனால் பணம் அவர்களுடையது. வட்டி வெளியாருக்குப் போகவில்லை.

இந்தப் பழைய முறைக்கு ஒரு நிறுவன வடிவத்தைக் கொடுத்தவர்கள் கொழும்பின் குறைந்த வருமானக் குடியிருப்புகளில் வாழ்ந்த பெண்கள். 1989 இல் அங்கே உருவானது பெண்கள் வங்கி. ஐந்து பேருக்கும் பதினைந்து பேருக்கும் இடைப்பட்ட சிறு குழுக்கள், வாரந்தோறும் கூட்டம், வாரந்தோறும் சிறு சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்தே கடன். ஆண்களுக்கு உறுப்புரிமை இல்லை. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பவர்களும் உறுப்பினர்களே. ஒருத்தி கடன் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். கணவனின் குடிக்கு என்றால் கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், கணவனுக்கும் தெரியும். ‘சங்கம் ஒத்துக்கொள்ளாது’ என்ற ஒரு மறுமொழி அவளுக்குக் கிடைத்தது. தனியாக நின்று ‘இல்லை’ என்று சொல்ல முடியாத ஒருத்திக்கு அது பெரிய வலிமை.

தமிழ்நாட்டிலும் அதே ஆண்டில்தான் தொடக்கம். 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு நிதியுதவியுடன் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1992 இல் இந்தியாவின் நபார்ட் வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சேமிப்பு, அடுத்தது தமக்குள் கடன், அதன் பின்னரே வங்கிக் கடன் என்பது அதன் ஒழுங்கு.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்ததை இவ்விடத்தில் நினைவுகூரவேண்டும். 1992 இல் தூபகுண்டா என்ற கிராமத்தில், அறிவொளி வகுப்புகளில் எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள், தங்கள் ஊர்ச் சாராயக்கடையை மூடவைத்தார்கள். போராட்டம் மாநிலம் முழுவதும் பரவி, 1993 இல் சாராய விற்பனை தடைசெய்யப்பட்டது. குடியில் போகாமல் மிஞ்சிய கூலியிலிருந்து நாளுக்கு ஒரு ரூபாயைச் சேமிக்கும் ‘பொதுபு லக்ஷ்மி’ குழுக்கள் நெல்லூரில் அதன் தொடர்ச்சியாக எழுந்தன. வீட்டு வருமானம் எங்கே போவது என்ற கேள்விக்குத் தெருவில் இறங்கி விடை கண்ட பின்னர் பிறந்த சேமிப்பு அது.

எவர் கையில் கடன்?

பங்களாதேஷின் கிராமீன் வங்கி 1976 இல் ஜொப்ரா கிராமத்தில் முகமது யூனுசின் சிறு முயற்சியாகத் தொடங்கி, 1983 இல் வங்கியானது. கடன் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உலகம் அதைப் பாராட்டியது. 2006 இல் நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது. ஆனால் 1996 இலேயே ஆன் மரி கோட்ஸ், ரீனா சென் குப்தா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு எளிய கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: பெண்ணின் பெயரில் எடுத்த கடனை எவர் செலவிடுகிறார்? பங்களாதேஷில் 253 கடன்களை ஆராய்ந்த அவர்கள், ஏறத்தாழ 37 சதவீதமானவற்றில் மட்டுமே பெண்ணின் கையில் முழுமையான அல்லது குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு இருந்ததாகக் கண்டார்கள். ஏனையவற்றில் ஆண் செலவிட்டான். பெண் திருப்பிக் கட்டினாள்.

நைலா கபீர் போன்றோர் இதற்கு மறுப்பும் சொன்னார்கள். தனித்துத் தீர்மானிப்பதே அதிகாரம் என்று ஏன் கொள்ளவேண்டும்? கணவனோடு சேர்ந்து தீர்மானிக்கும் இடத்துக்கு வந்திருப்பதையே அந்தப் பெண்கள் பெரிய பேறாகக் கருதுகிறார்களே என்பது அவரது வாதம். நியாயமான வாதம்தான். எங்கள் வீடுகளிலும் அது பொருந்தும். ஆனால் சேர்ந்து தீர்மானிப்பதற்கு இருவருக்கும் ஏதோ ஒரு பிடி இருக்கவேண்டும். வீடமைப்புக் கடன் கொடுத்தபோது வீட்டு நிலம் பெண்ணின் பெயருக்கு எழுதப்பட வேண்டும் என்று கிராமீன் வங்கி நிபந்தனை விதித்தது. அந்த வங்கி செய்தவற்றில் மிகுந்த பயன் தந்தது அதுவே என்று நான் கருதுகிறேன். கட்டி முடிந்த கடன் மறைந்துபோகும். காணி உறுதியில் உள்ள பெயர் நிற்கும்.

வடக்குக்கு வந்த கடன்

2009 இல் போர் முடிந்தபோது வன்னியில் வீடில்லை, தொழிலில்லை, நகையில்லை. கணவனை இழந்தவர்களும் கணவன் எங்கே என்று தெரியாதவர்களும் பல்லாயிரவர். அந்த நிலத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்து நிற்கும் முன்னரே நிதி நிறுவனங்களின் மோட்டார் சைக்கிள்கள் வந்துவிட்டன. மூன்று அல்லது ஐந்து பெண்கள் சேர்ந்தால் கடன். ஒருத்தி தவறினால் ஏனையோர் கட்டவேண்டும். வாரந்தோறும் வசூல்.

வெளித்தோற்றத்தில் இதுவும் ஒரு பெண்கள் குழுவே. ஆனால் சேமிப்பு இல்லை. பணம் வெளியார் பணம். வட்டியைத் தீர்மானிப்பது அவர்கள் அல்லர். எவருக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது என்ற கேள்வியும் அவர்களுடையது அன்று. கூட்டம் கூடுவது வசூலுக்கு. நெல்லூரிலும் கொழும்பிலும் பெண்ணுக்கு வலிமை தந்த அதே அயல் உறவு, இங்கே பிணையாக்கப்பட்டது. ஒருத்தி கட்டத் தவறியபோது மற்றவர்கள் அவளது வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று பெருகியது. வசூலுக்கு வருபவர் மாலைவரை வாசலில் குந்தியிருக்க, வீட்டுக்காரி பின்வேலியால் வெளியேறியதாக மக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணவனுக்குத் தெரியாமல் எடுத்த கடன்களும் இருந்தன. கணவனே எடுக்கச் சொல்லி, பின்னர் ‘நீதானே கையெழுத்து வைத்தாய்’ என்று ஒதுங்கிய கடன்களும் இருந்தன.

2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை சென்றதாகவும், வசூலிப்போர் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய சம்பவங்கள் தமக்குத் தெரிவிக்கப்பட்டதாகவும் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் அரசாங்கம் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பை அறிவித்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனைப் பெற்று, மூன்று மாதங்களுக்கு மேல் செலுத்தத் தவறிய பெண்களின் கடன் நிலுவைகளைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் வந்தது. 2021 மார்ச் 8 ஆம் திகதி, அனைத்துலகப் பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். 50 நாட்களுக்கும் மேல் வீதியோரத்தில் இருந்தார்கள். கடன் வாங்கும்போது ‘வலுவூட்டப்பட்ட பெண்கள்’ என்று அழைக்கப்பட்டவர்கள், உண்மையில் ஒரு சங்கமாகத் திரண்டது கடனை எதிர்த்தபோதுதான்.

குழுவை எப்படி எடைபோடுவது?

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு இதுதான். பெண்கள் தங்கள் சேமிப்பில் தாங்களே நடத்திய சங்கங்கள் வீட்டுக்குள்ளும் அவர்களுக்கு ஓர் இடத்தைத் தேடித் தந்தன. வெளியார் பணத்தை விநியோகிக்கவும் வசூலிக்கவும் அமைக்கப்பட்ட குழுக்கள், வீட்டில் ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் கடனை ஏற்றின. இரண்டுக்கும் ‘சுயஉதவிக் குழு’ என்ற ஒரே பெயரைச் சூட்டுவதால்தான் குழப்பம் நேர்கிறது.

சங்கங்களால் மட்டும் ஆகாதவையும் உள்ளன. காணி உறுதியில் எவர் பெயர், அதைக் கையாள எவர் ஒப்பம் என்பவை சட்டத்தின் வேலை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண் வாரிசுக்குக் கொடுக்கப்பட்டிருந்த முன்னுரிமை 2022 இல் நீக்கப்பட்டது. அதற்கு 87 ஆண்டுகள் சென்றன. தேசவழமையைத் தொட்டால் எங்கள் தனித்துவம் போய்விடும் என்று அஞ்சுவோர் எங்களிடையே உண்டு. ஆனால் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் என்ற விதி, இன்று நாம் அறியும் வடிவில், 1911 ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியின் கீழ் ஆக்கப்பட்ட கட்டளைச் சட்டத்தில் இருப்பது. அதை மாற்றுவதால் சீதனம் மகளுக்கு என்ற மரபு குன்றாது; மாறாக, அந்தச் சீதனம் உண்மையிலேயே மகளுடையதாகும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் பலர் ஊரிலுள்ள மாதர் சங்கங்களுக்கு மனமுவந்து உதவுகிறீர்கள். தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் வாங்கிக் கொடுக்கிறீர்கள். அவை நல்லவையே. அடுத்தமுறை பணம் அனுப்பும் முன்னர், அந்தச் சங்கத்துக்குச் சொந்தச் சேமிப்பு உண்டா, கணக்குப் புத்தகம் எவர் கையில் இருக்கின்றது, கடன் கொடுப்பதை உறுப்பினர்களே தீர்மானிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கட்டிக் கொடுக்கும் வீடாயின், உறுதி எவர் பெயரில் எழுதப்படுகின்றது என்பதையும் கேளுங்கள். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் உங்களிடம் மறுமொழி சொல்ல அவர்கள் தயங்கமாட்டார்கள்.